உழைக்காத எறும்புகள்

எறும்பைப் பார்த்து உழைக்கக் கற்றுக்கொள் என்று நமக்குச் சொல்லாத ஆசிரியர் இல்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியைக் கேட்காமல் பள்ளிப் பருவத்தைக் கடந்த தமிழ்ப் பிள்ளையும் இல்லை. சேர்த்து வைக்கும் சிக்கனம், வரிசை பிசகாத ஒழுங்கு, தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்கும் துணிவு ஆகிய நற்குணங்கள் அனைத்தையும் அந்தச் சின்னஞ்சிறு உயிரின் தலையில் ஏற்றி வைத்துவிட்டோம். ஆனால் எறும்புகளுள் சோம்பேறிகளும் உண்டு. பிறர் வீட்டுப் பிள்ளைகளைத் திருடிக்கொண்டு வந்து தம் வீட்டு வேலைகளையெல்லாம் செய்வித்துக்கொள்ளும் கொள்ளைக்காரர்களும் உண்டு. இதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லவில்லை. அந்தச் சோம்பேறிகளைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சில சொல்ல விரும்புகிறேன்.

விலங்கியல் முதுகலை மாணவனாகிய நான் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் எறும்பு வளர்த்து வருகிறேன். சிரிக்க வேண்டாம். கிளி வளர்ப்பவர் உண்டு, மீன் வளர்ப்பவர் உண்டு, எறும்பு வளர்ப்பவனும் ஒருவன் இருந்துவிட்டுப் போகட்டும்! இந்தப் பொழுதுபோக்குக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கற்பிக்கும் பாடமோ மிகப் பெரிது.

குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடுகிறது என்பது நாம் அறிந்ததே. தன் குஞ்சைத் தான் வளர்க்காமல் மற்றொரு பறவையின் உழைப்பில் வளர்த்துக்கொள்ளும் தந்திரம் அது. எறும்புகளுள் சில இனங்கள் இதே தந்திரத்தை ஒரு தனித் தாயிடம் காட்டாமல், ஒரு முழுச் சமுதாயத்தின் மீது காட்டுகின்றன. ஆகவே அவற்றைச் சமூக ஒட்டுண்ணிகள் என்று அறிவியலார் அழைக்கின்றனர். இவற்றில் மூன்று வகை உண்டு. முதல் வகையில், ஓர் இளம் அரசி வேற்றினத்தின் கூட்டுக்குள் நுழைந்து, அங்குள்ள அரசியைக் கொன்று, அவளுடைய பணியாட்களைக் கொண்டே தன் முதற்பிள்ளைகளை வளர்த்துக்கொள்ளும். பழைய பணியாட்கள் மாண்டபின் கூடு முழுவதும் புதிய இனத்தின் உடைமையாகிவிடும். இரண்டாம் வகை, வந்த வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடுவது. 1949ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் ஹைன்ரிக் குட்டர் என்ற ஆராய்ச்சியாளர் கண்டறிந்த ஒரு சிற்றெறும்பு இவ்வகைக்கு நல்ல சான்று. அந்த இனத்தில் பணி எறும்பே கிடையாது. அதன் அரசி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அயல் அரசியின் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே காலம் தள்ளிவிடும். மூன்றாம் வகைதான் கொள்ளையர் வகை. படைபோல் திரண்டு சென்று, அண்டைக் கூடுகளிலிருந்து கூட்டுப்புழுக்களைக் கவர்ந்து வந்து, அவை எறும்பாக வெளிவந்ததும் தம் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்பவை இவை.

இந்த ஒட்டுண்ணிகளுக்கும் அவற்றால் சுரண்டப்படும் எறும்புகளுக்கும் பெரும்பாலும் நெருங்கிய உறவு இருக்கும் என்பதை இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி 1909இல் எடுத்துக் காட்டினார். முற்றிலும் அந்நியமான உயிரை ஏமாற்றுவது கடினம். மணமும் பழக்கமும் ஒத்திருக்கும் பங்காளியை ஏமாற்றுவது எளிது போலும்!

ஜெனீவா நகரைச் சேர்ந்த பியர் ஹ்யூபர் 1804ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மாலை ஒன்றில் செந்நிற எறும்புப் படையொன்று சாலையைக் கடந்து செல்லக் கண்டார். பின்தொடர்ந்தார். அப்படை கறுப்பு எறும்புகளின் கூடொன்றைத் தாக்கி, கூட்டுப்புழுக்களைத் தாடையில் கவ்விக்கொண்டு திரும்பியது. பாலியெர்கஸ் என்று பெயர் பெற்ற அந்த எறும்புகளின் தாடை அரிவாள் போல் வளைந்திருக்கும். பகைவனின் தலையைத் துளைக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை; ஆனால் மண்ணைத் தோண்டவோ, குழந்தைக்கு உணவூட்டவோ அது பயன்படாது. ஹ்யூபர் ஒரு சோதனை செய்தார். முப்பது பாலியெர்கஸ் எறும்புகளைத் தனியே ஒரு பெட்டியில் அடைத்தார். அவை விரும்பும் உணவை நிறைய வைத்தார். அவற்றின் புழுக்களையும் உடன் வைத்தார். என்ன நடந்தது? உணவு எதிரே இருக்க, உண்ணத் தெரியாமல் பல எறும்புகள் பட்டினியால் செத்தன! பிறகு ஒரே ஒரு கறுப்பு எறும்பை உள்ளே விட்டார். அது உடனே வேலையைத் தொடங்கியது. உயிரோடிருந்தவற்றுக்கு உணவூட்டியது, அறைகள் அமைத்தது, புழுக்களைப் பேணியது. ஒரு வேலைக்காரி வந்ததும் வீடு வீடாயிற்று.

இச்செய்தியைப் படித்த டார்வினுக்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை. கொள்ளையடிக்கும் மற்றோர் இனத்தின் கூடுகள் பதினான்கைத் தாமே இங்கிலாந்தில் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் அயல் எறும்புகள் சில இருக்கக் கண்டபின்பே 1859இல் வெளியான தம் பெருநூலில் இதைப் பற்றி எழுதினார். அவருடைய அயல்வீட்டுக்காரரும் நண்பருமான ஜான் லப்பக் இன்னும் ஒரு படி மேலே போனார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண்ணைப் பரப்பி எறும்புகளை ஆண்டுக் கணக்கில் வளர்த்தவர் அவர். தனித்து வைத்த பாலியெர்கஸ் எறும்புகளுக்கு நாள்தோறும் ஓரிரு மணி நேரம் ஒரு பணி எறும்பைத் துணைக்கு அனுப்பி, அவற்றை மாதக் கணக்கில் உயிரோடு வைத்திருந்தார். இங்கிலாந்தின் வங்கி விடுமுறைச் சட்டத்தை 1871இல் கொண்டுவந்தவரும் இவரே. மனிதருக்கு விடுமுறை வாங்கித் தந்தவர், ஓயாத விடுமுறையில் வாழும் எறும்பை ஆராய்ந்தது பொருத்தந்தானே!

லப்பக்கின் வழியில் இன்று உலகெங்கும் பல்லாயிரம் பேர் எறும்பு வளர்க்கின்றனர். சோதனைக் குழாயின் அடியில் சிறிது நீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்து, கருவுற்ற அரசி ஒன்றை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி இருட்டில் வைத்துவிட்டால் போதும். பொறுமையுள்ளவனுக்குச் சில வாரங்களில் ஒரு குடும்பம் கிடைக்கும். ஆனால் ஒட்டுண்ணி எறும்பின் அரசியை இவ்வாறு தனியே வைத்தால் அவள் சாவதைத் தவிர வேறொன்றும் நடவாது. அவளுக்கு அயல் இனத்தின் பணியாட்களையோ கூட்டுப்புழுக்களையோ தேடிக்கொடுக்க வேண்டும். கொள்ளை எறும்பு என்றால் ஒருமுறை கொடுத்தால் போதாது. வேலைக்காரர்கள் மாள மாளப் புதியவர்களைத் தந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் வேறு கூடுகளை வளர்த்தோ தோண்டியோ காவு கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் படிக்கும் என் நண்பர் ஒருவர், பாலியெர்கஸ் அரசியைத் தம்மால் எனக்குப் பெற்றுத்தர முடியும் என்று சென்ற ஆண்டு கடிதம் எழுதினார். ஹ்யூபர் கண்ட காட்சியை என் மேசைமேல் காணலாம் என்ற ஆசை எனக்கு எழவே செய்தது. ஆயினும் வேண்டாம் என்றே மறுமொழி எழுதினேன். உயிருள்ள பூச்சிகளை அரசின் அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடங்கொடாது என்பது ஒரு காரணம். அச்சட்டம் வீணானதன்று. கப்பல் ஏறி நாடு நாடாகப் பரவிய மஞ்சள் பித்தெறும்பு 2022இல் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் பெருகி, ஆடு மாடுகளையும் மக்களையும் படுத்திய பாடு செய்தித்தாள்களில் வந்தது. எறும்பு வாணிகம் இன்று எந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கென்யா நாட்டில் ஏறக்குறைய ஐயாயிரம் அரசி எறும்புகளைச் சோதனைக் குழாய்களில் அடைத்துக் கடத்த முயன்ற பெல்ஜிய இளைஞர் இருவர் பிடிபட்டனர். மறுமாதமே நீதிமன்றம் அவர்களுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் தண்டம் விதித்தது.

மற்றொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப்பட்டது. கொள்ளை எறும்பை வளர்ப்பவன் வெறும் பார்வையாளன் அல்லன். அதற்காகக் கூடு தேடி, மண் தோண்டி, பிள்ளைகளை எடுத்துவந்து கொடுப்பவன் அவன். எறும்பு செய்ய வேண்டிய கொள்ளையை அவனே செய்கிறான். அந்தச் சோம்பேறியின் வீட்டில் கடைசி வேலைக்காரன் அவன்தான்! அந்த வேலைக்கு நான் வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

ஆனால் கடல் கடந்து தேட வேண்டியதில்லை, இந்தக் களவின் முதற்படியை நம் மண்ணிலேயே பார்க்கலாம் என்று பின்னர் ஒரு கட்டுரையைப் படித்து அறிந்தேன். அதைச் சொல்லுமுன் என் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்தவர்கள். என் தந்தை இருபது வயதில் கொச்சிக்கு வந்து, எறணாகுளம் பிராட்வேயில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்கு அமர்ந்தார்; இன்றும் அங்கேதான் இருக்கிறார். வாடகை குறைவு என்பதால் குடித்தனம் மட்டாஞ்சேரியில். நாள்தோறும் தோப்பும்படி வழியாகப் பேருந்தில் சென்று வருகிறார். எறும்பு வளர்ப்புக்கு எனக்கு வேண்டிய பொருள்களெல்லாம் அதே பிராட்வேயிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் கிடைத்தன. அடித்தளம் வார்க்கப் பாரிஸ் சாந்து ஒரு கடையில். மேலே மூடச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒரு கடையில். எறும்பின் முதுகில் புள்ளி வைக்க எனாமல் வண்ணம் ஒரு கடையில். சிவப்பு ஒளி எறும்புகளுக்கு ஏறக்குறைய இருட்டாகவே தோன்றும். ஆகவே அந்தக் காகிதத்தின் வழியே நாம் பார்ப்பது அவற்றுக்குத் தொல்லையாவதில்லை. அகலமான பெரிய தட்டு ஒன்றை என் தந்தையே தம் கடையிலிருந்து கொண்டுவந்தார். அதன் விளிம்பில் வாசலைன் தடவிவிட்டால் எறும்பு ஏறாது. “பாத்திரக் கடைக்காரனுக்கு எறும்பு வராம இருக்கத்தான் வழி கேப்பாங்க, நீ எறும்பு போகாம இருக்க வழி கேக்கிற” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் வளர்ப்பது டயகாமா என்ற இனத்துக் கறுத்த எறும்பு. நம் ஊரில் கட்டெறும்பு என்று பொதுப்படச் சொல்வோமே, அந்தக் கூட்டத்தில் வைத்து எண்ணப்படுவது. ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கூர்ந்து பார்த்தால் உடல் முழுதும் நுண்ணிய கோடுகள் வரிவரியாகச் செதுக்கியதுபோல் தெரியும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது உண்டு. மண்ணில் இருக்கும் அதன் வாயிலைச் சுற்றிச் சருகும் குச்சியும் கிடக்கும். சில சமயம் பறவை இறகும் செருகப்பட்டிருக்கும். அழகுக்காக அன்று. வறண்ட காட்டில் டயகாமா எறும்புகள் வாயிலைச் சுற்றி வைக்கும் இறகுகளில் பனித்துளி படிவதையும், எறும்புகள் அதைப் பருகுவதையும் மார்க் மாஃபெட் என்பவர் இந்தியாவில் கண்டு 1985இல் எழுதினார்.

இவ்வெறும்பின் குடும்ப முறை விந்தையானது. இதில் அரசி என்ற தனிப் பிறவி இல்லை. பணி எறும்புகளுள் ஒன்றே ஆணுடன் கூடி முட்டையிடும் உரிமையைப் பெறுகிறது. பிறக்கும்போது ஒவ்வொன்றின் மார்பிலும் இறகின் எச்சம் போன்ற இரண்டு சிறு மொட்டுகள் இருக்கும். டயகாமா இனங்கள் பலவற்றில், புதிதாக வெளிவரும் தங்கைகளின் மொட்டுகளைக் கடித்து எடுத்துவிடுவார்கள். மொட்டை இழந்தவள் ஆயுள் முழுதும் வேலைக்காரி. மொட்டோடு இருப்பவளே தாய். கூடு மாற நேர்ந்தால், வழி தெரிந்தவள் முன்னே செல்ல, மற்றொருத்தி தன் உணர்கொம்பால் அவள் உடலைத் தொட்டுக்கொண்டே பின்னே செல்வாள். கண் தெரியாதவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது போலிருக்கும். இப்படி இருவர் இருவராகக் குடும்பம் முழுதும் புது வீடு போய்ச் சேரும்.

கல்கத்தாவை அடுத்துள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமனா அன்னகிரி அவர்களின் குழுவினர், இந்த இடமாற்றத்தின்போது நடக்கும் ஒன்றைக் கண்டு 2016இல் வெளியிட்டனர். வீடு மாறும் பரபரப்பில் பிள்ளைகள் காவலின்றிக் கிடக்கும் வேளை பார்த்து, அதே இனத்தின் அண்டைக் கூட்டினர் வந்து திருடிச் செல்கின்றனர். முட்டையையும் புழுவையும்விடக் கூட்டுப்புழுவையே விரும்பி எடுக்கின்றனர். ஒரு கூட்டில் சிலரே திருடர். ஆயினும் பறிகொடுத்த கூட்டின் பிள்ளைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அவர்களால் போய்விடுகிறது. திருடியவற்றை அவர்கள் தின்னவில்லை. அவை எறும்பாகி வெளிவந்து திருடர் வீட்டு வேலையைச் செய்தன. பாலியெர்கஸ் நடத்தும் பெரும்போர் இல்லை. இது சில்லறைக் களவு. ஆனால் பெருங்கொள்ளைகளின் தொடக்கம் இப்படிப்பட்ட சில்லறைக் களவாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இதைக் கண்ணால் காண விரும்பினேன். நம் வளாகத்தின் மரத்தடி ஒன்றிலும் சற்றுத் தள்ளி வேலி ஓரத்திலும் இருந்த இரண்டு கூடுகளின் வாயிலில் மெல்ல நீர் ஊற்றினேன். பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு குடும்பமே வெளியே வந்தது. இரண்டையும் தனித்தனிக் கூடுகளில் குடியேற்றி, கறையான் பிடித்து உணவிட்டு, தட்டின் இரு பக்கங்களிலும் வைத்தேன். வலப்பக்கத்தாருக்கு முதுகில் வெள்ளைப் புள்ளி. அவர்கள் கூட்டில் அப்போது முட்டையும் புழுவும் மட்டுமே இருந்தன. கூட்டுப்புழு ஒன்றுகூட இல்லை. இடப்பக்கக் கூட்டில் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள் இருபதுக்கு மேல் இருந்தன. இரண்டு நாள் கழித்து, இடப்பக்கக் கூட்டின் மேல்மூடியை எடுத்துவிட்டு, அருகில் இருட்டான புதுக்கூடு ஒன்றை வைத்தேன். வெளிச்சம் பொறுக்காமல் அவர்கள் வீடு மாறத் தொடங்கினார்கள்.

அரை மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு வெள்ளைப் புள்ளிக்காரி ஒருத்தி வந்தாள். வாயிலில் சற்றே நின்றாள், உள்ளே போனாள், கூட்டுப்புழு ஒன்றைக் கவ்விக்கொண்டு விரைந்து வெளியேறினாள். வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம். நான்கு பேர்தான் வந்தார்கள். அவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒருத்தி மட்டும் பிடிபட்டாள். வீட்டார் இருவர் அவள் காலைக் கவ்வி இழுக்க, வாயிலிருந்த பிள்ளையை விடாமலே போராடி, கடைசியில் போட்டுவிட்டு ஓடினாள். இரவு பத்து மணிக்குள் ஆறு கூட்டுப்புழுக்கள் வலப்பக்க வீட்டுக்குப் போய்விட்டன.

அன்றிரவு என் தாயும் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எறும்பு வளர்ப்பில் அவருக்கு விருப்பம் இல்லை. சர்க்கரை டப்பாவைப் பற்றிய கவலையே அதிகம். ஆனால் அன்று பேசாமல் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் கேட்டார்:

“ஏய்யா, அதுகளைப் பெத்தவ தேட மாட்டாளா?”

“தேடத் தெரியாதும்மா. எத்தனை இருந்துச்சுன்னு அவளுக்கு எண்ணத் தெரியாது.”

“அதுகளுக்காவது தெரியுமா, வேற வீட்டுல கெடக்கோம்னு?”

“தெரியாது.”

“அப்ப நீயே எடுத்துத் திருப்பி வச்சிரு.”

பன்னிரண்டு நாட்களுக்குள் அந்த ஆறும் வலப்பக்கக் கூட்டிலேயே எறும்பாக வெளிவந்தன. தாய் சொன்னபடி நான் திருப்பி வைக்கவில்லை. காட்டில் நடப்பதில் என் கை புகக்கூடாது என்பதே வளர்ப்பவனுக்கு நான் வகுத்துக்கொண்ட விதி. அவை முதுகில் புள்ளியின்றி வெளுப்பாக இருந்தன. சில நாளில் கறுத்தன. அந்த வீட்டுப் புழுக்களை நக்கித் தூய்மை செய்தன; கறையானைத் துண்டு துண்டாக்கி ஊட்டின. புள்ளி மட்டும் இல்லையென்றால் எது சொந்தப் பிள்ளை, எது களவுப் பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது. எறும்புக்கு வீடு என்பது ஒரு மணம். வெளிவந்த முதல் நாட்களில் எந்த மணத்தின் நடுவே இருக்கிறதோ அதுவே அதற்குத் தாய்வீடு. இப்போது திருப்பிக் கொண்டுபோய் விட்டால், பெற்ற வீடே அதை அந்நியன் என்று விரட்டக்கூடும். இதைச் சொன்னபோது தாய் வருந்தினார். “மூணு நாளைக்கு முந்தியே எடுத்து வச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். என் விதி எனக்குச் சரியென்றே இன்றும் படுகிறது. ஆயினும் அவருடைய கேள்வி என் நோட்டுப் புத்தகத்தில் மற்றக் குறிப்புகளோடு எழுதப்பட்டிருக்கிறது.

களவுப் பிள்ளைகள் எல்லாம் எப்போதும் அடங்கிக் கிடப்பதில்லை என்பதையும் தாய்க்குச் சொன்னேன். வட அமெரிக்காவின் ஓக் மரக்காட்டில் உதிர்ந்த கொட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்தும் ஒரு கொள்ளை எறும்பு உண்டு. அதன் வேலைக்காரிகள் கொள்ளையரின் புழுக்களை ஒழுங்காக வளர்க்கின்றனர். அவை கூட்டுப்புழுவானதும் பலவற்றைப் பிய்த்தெறிந்து கொல்கின்றனர்! இப்படிப் பாதிக்கு மேற்பட்டவை மடிவதை ஜெர்மன் ஆராய்ச்சியாளர் சூசன் ஃபோய்ட்ஸிக்கும் அவருடன் பணியாற்றியவரும் 2009இல் வெளியிட்டனர். கிளர்ச்சி செய்பவளுக்கு இதனால் விடுதலை இல்லை. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. ஆனால் கொள்ளையர் குறைந்தால், அருகில் எஞ்சியிருக்கும் அவளுடைய உறவினரின் கூடுகள் தப்பலாம். தாய் இதைக் கேட்டு, “அப்படிப் போடு!” என்றார்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன் நிகழ்ந்த ஒன்றுக்காக. மாணவர் கூடிய உரையாடல் ஒன்றில், வேலை தேடி வெளியூரிலிருந்து வருபவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. “உள்ளூரின் மீது ஒட்டுண்ணிகள்” என்று ஒருவர் சொன்னார். பகை இல்லாமல், ஒரு பாடச் சொல்லைப் போலவே அதைச் சொன்னார். பலர் தலையாட்டினர். நான் அன்று எழுந்து, விலங்கியல் மாணவன் என்ற முறையில் அந்தச் சொல்லின் பொருளை மட்டும் சொன்னேன்.

ஒட்டுண்ணி என்பது வெளியிலிருந்து வந்ததற்கு இட்ட பெயர் அன்று. வருவதும் போவதும் எல்லா உயிருக்கும் உண்டு. பிறர் உழைப்பை உண்டு, தன் உழைப்பைத் தராததற்கு இட்ட பெயர் அது. எறும்புக் கூட்டைத் திறந்து பார்க்கும் ஆராய்ச்சியாளன் யார் வந்தவர், யார் இருந்தவர் என்று கேட்டு ஒட்டுண்ணியைக் கண்டுபிடிப்பதில்லை. யார் மண் தோண்டுகிறார், யார் உணவு கொண்டுவருகிறார், யார் பிள்ளை வளர்க்கிறார் என்று பார்க்கிறான். பாலியெர்கஸ் கூட்டில் வெளியிலிருந்து வந்தவர்கள்தாம் அத்தனை வேலையும் செய்கிறார்கள், வீட்டுக்காரர்கள்தாம் ஒட்டுண்ணிகள்! இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் பிராட்வேக்கு வாருங்கள். மூட்டை இறக்குபவர், பூக் கட்டுபவர், கடைவாசல் பெருக்குபவர், பாத்திரம் அடுக்குபவர் ஆகியோரைப் பாருங்கள். மலையாளமும் தமிழும் இந்தியும் வங்காளமும் அங்கே ஒரே சுமையின் கீழ் பேசுகின்றன. கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதிக்குப் போனால், டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சலவைத் தொழிலாளரின் வழியினர் இன்றும் துணி வெளுத்துக் கொடியில் உலர்த்துவதைக் காணலாம். எத்தனை தலைமுறையாக இந்த ஊரின் அழுக்கை எடுத்தவர்கள்! இவர்களுள் ஒட்டுண்ணியை யாராவது காட்டட்டும்.

நான் பேசி முடித்ததும் அந்த நண்பர், தாம் அந்தப் பொருளில் சொல்லவில்லை என்றார். நம்புகிறேன். ஆனால் சொல் தன் பொருளைத் தானே சுமந்து செல்லும். அறிவியலாருக்கே இந்தக் கவலை வந்திருக்கிறது. நூற்றாண்டுகளாக “அடிமை கொள்ளும் எறும்பு” என்று எழுதி வந்ததை மாற்ற வேண்டும், மனிதர் மனிதருக்குச் செய்த பெருங்கொடுமையின் பெயரை எறும்பின் இயல்புக்குச் சூட்டலாகாது என்று ஜோன் ஹெர்பர்ஸ் என்ற அமெரிக்க எறும்பியலார் 2007இல் எழுதினார். கடற்கொள்ளைக்காரரின் பெயரை வைக்கலாமே என்பது அவர் கருத்து. மனிதச் சொல்லை எறும்பின் மேல் ஏற்றும்போதே இத்தனை எச்சரிக்கை வேண்டும் என்றால், எறும்பின் சொல்லை மனிதன்மேல் எறியும்போது எத்தனை எச்சரிக்கை வேண்டும்!

வீட்டில் இதைச் சொன்னபோது என் தந்தை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சொன்னா சொல்லிட்டுப் போறான். நாளைக்குக் காலையில கடை தொறக்கணும்லா” என்று சொல்லிப் படுத்துவிட்டார். என் நீண்ட விளக்கத்தைவிட அந்த ஒரு வரியே நல்ல மறுப்பு என்று எனக்குத் தோன்றியது.

நண்பர்களே, ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நம்மிற் பெரும்பாலோர் இன்று உழைக்காமல் உண்பவர்களே. ஊரில் ஒருவர் வெயிலில் நிற்கிறார். இங்கே நமக்கு விடுதிக் கட்டணம் கட்டப்படுகிறது. அப்படியானால் நாமும் ஒட்டுண்ணிகளா? எறும்பு நூல் அப்படிச் சொல்லாது. ஊட்டுவதை வாங்கி உண்பது புழுவுக்கும் உண்டு, ஒட்டுண்ணிக்கும் உண்டு. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே வாயைத் திறக்கும். புழு ஒருநாள் எறும்பாகி, தனக்கு ஊட்டிய வீட்டுக்கு மண் சுமக்கும். ஒட்டுண்ணி கடைசிவரை வாயைத் திறந்தபடியே இருக்கும். நாம் எது என்பதை இப்போது யாரும் சொல்ல முடியாது. படிப்பு முடிந்த பின் நாம் சுமக்கும் மண்ணைப் பார்த்துப் பிறர் சொல்லட்டும்.